வெள்ளிக்கிழமைகளில் குறைந்த புரோத்தன்கள்

புதிதாய் வேலைக்குச் சேர்ந்திருக்கிற தம்பிமார், தங்கச்சிமார் எல்லாருக்கும்,

நிலையத்தில் இருந்து போன் எடுத்து, புதுப் பிள்ளைகளுக்கு நாலு பக்கம் எழுதித் தாங்கோ என்று கேட்டார்கள். ஆளைப் பார்த்துத்தான் கேட்டிருக்கிறார்கள். கோப்பாயில் வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவில் நிற்கிற அந்தக் கட்டடத்தின் கூரையில் ஏறிப் பாருங்கோ. அந்த அன்ரெனாவை நட்டது நான். அதைத் திருப்புகிற மோட்டர் ஒரு பழைய வான் வண்டியின் கண்ணாடி துடைக்கிற மோட்டர். கொழும்பில் இருந்து வந்த எஞ்சினியர்மார் மூன்று பேர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, இது வேலை செய்யாது என்று சொல்லிப் போனார்கள். அவர்கள் போனபிறகும் அது வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது.

நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன் என்று எங்கடை வீட்டில் சொல்லுவார்கள். உண்மையில், ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கூடம்தான் என்னை விட்டது. பேந்து வலிகாமம் முழுக்க வீட்டுக் கூரைகளில் ஏறி ரீவி அன்ரெனா பூட்டினேன். மானிப்பாயில் இருந்து சண்டிலிப்பாய் வரைக்கும் சைக்கிளில் போனால், எந்தக் கூரையில் நிற்பது என்ரை குழாய், எது மற்றவன் பூட்டினது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். மற்றவன் பூட்டினது சரிந்திருக்கும். அப்படிப்பட்ட ஒருவனை செய்மதியோடு கதைக்கிற நிலையத்துக்கு எடுத்தார்கள் என்றால், அது அவர்களுடைய அதிர்ஷ்டம்.

எங்கடை செய்மதி பேக்கரியில் விற்கிற ஒரு றாத்தல் பாண் அளவு. இங்கத்தையப் பெடியளும் வெளிநாட்டுப் பெடியளும் சேர்ந்து செய்து, யாரோ ஒருவருடைய ரொக்கெற்றில் ஓசியில் ஏற்றிவிட்டது. அதற்கு ஒரே ஒரு வேலை. புரோத்தன் என்கிற அணுத்துகள்களை எண்ணுவது.

உங்களில் அரைவாசிப் பேர் பட்டதாரிகள். ஆனாலும் நான் சொல்லுகிறதைக் கேளுங்கோ. பண்ணைக் கடலில் சிறகுவலை கட்டியிருக்கிறதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே போன மீன் வெளியே வர வழி தெரியாமல் அதற்குள்ளேயே ஓடித் திரியும். பூமியின் காந்தம் அப்படி ஒரு வலை. வேகமான புரோத்தன்கள் அதற்குள் அகப்பட்டு, வடக்குக்கும் தெற்குக்கும் ஓடிக்கொண்டே இருக்கும். வருஷக்கணக்கில் ஓடும். தென் அத்திலாந்திக் கடலுக்கு மேலே மட்டும் வலை கொஞ்சம் தொய்ந்து தாழ்ந்திருக்கிறது. எங்கடை பாண் அந்த இடத்தால் போகும்போது எண்ணும்.

சூரியன் அமைதியாய் இருக்கிற காலத்தில் வலைக்குள் தொகை கூடும். சூரியன் குழப்படி செய்யத் தொடங்கினால் எங்கடை காற்றுமண்டலம் சூடேறிப் பொங்கி உயர்ந்து, வலையின் அடிப்பக்கம் ஓடுகிறவற்றைத் தேய்த்து முடிக்கும். தொகை மெல்ல மெல்லக் குறையும். இந்த ‘மெல்ல மெல்ல’ என்பதைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கோ. மாதக்கணக்கு, வருஷக்கணக்கு. ஒரு கிழமையில் கூடிக் குறைகிற சாமான் இல்லை. இது எனக்கும் தெரியும். தெரிந்திருந்தும்தான் இவ்வளவும் நடந்தது.

எனக்கு வேலை பழக்கின ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம், பிள்ளைகள் கனடாவில் நல்லாயிருக்கினம். முந்தி நான் வேலை செய்த இடத்தில் மழை அளக்கிற பகுதிக்கு அவர்தான் பொறுப்பு. அவருக்குக் கொப்பியில் ஒரு கட்டம் வெறுமையாய்க் கிடந்தால் சோறு இறங்காது. வெறுங்கட்டம் என்றால் வேலைக்கு வராத ஆள் என்று அர்த்தமாம். மழை இல்லையோ, பூச்சியம் போடு. அளக்க மறந்தியோ, பூச்சியம் போடு. அப்படிப் பூச்சியம் போட்டுப் போட்டே அவர் பதவி உயர்வு எடுத்தார். அவரிடம் இருந்து நான் கற்றுக்கொண்ட ஒரே விஷயம் அது. வேறு ஏதாவது கற்றிருக்கலாம்.

எங்கடை செய்மதி காலையில் இரண்டு தரம் யாழ்ப்பாணத்துக்கு மேலே வரும். பத்து மணியளவில் ஒருக்கா, பதினொன்றரை அளவில் ஒருக்கா. எண்ணினதில் பாதியை முதல் தரம் தரும், மீதியை இரண்டாம் தரம் தரும். அந்த நேரம் அன்ரெனாவைத் திருப்பிக் கேட்காவிட்டால் அதோடு போயிற்று. அதின்ரை ஞாபகசக்தி என்னுடையதைவிட மோசம். பழையதின்மேல் புதியதை எழுதிவிடும். கிழமை நாட்களில் கூரையில் ஒரு தகரக் கொட்டிலுக்குள் மேசை போட்டு இருந்து கேட்கிறது நான். சனி, ஞாயிறு நிரோஜா.

நிரோஜா எங்கடை ஆய்வு மாணவி. சண்டிலிப்பாய்ப் பிள்ளை. தகப்பன் புகையிலைத் தோட்டக்காரர். இரண்டு வருஷத் தரவையும் கொம்பியூற்றரில் போட்டுத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தவள் அவள்தான். என்னை அண்ணை என்றுதான் கூப்பிடுவாள், எனக்கு அவளுடைய தகப்பனைவிட வயது கூட.

இனி ராகுவின் விஷயத்துக்கு வருகிறேன்.

நான் மூடநம்பிக்கைக்காரன் இல்லை. பூனை குறுக்கே போனால் பூனைக்கு வேலை இருக்கிறது என்று நினைக்கிறவன். ஆனால் எனக்கும் ராகுவுக்கும் தனிப்பட்ட முறையில் ஒரு பிரச்சினை. ஒரு வெள்ளிக்கிழமை, பதினொரு மணி, மானிப்பாயில் ஒரு கல்வீட்டுக் கூரையில் குழாயை நிமிர்த்துகிறேன், குளவிக்கூடு. இறங்கின வேகத்தில் ஏணியைப் பாவிக்க நேரம் கிடைக்கவில்லை. கை முறிந்தது. ஆறு மாதம் கழித்து இன்னொரு வெள்ளி, அதே நேரம், இன்னொரு கூரை, அதே கை. இரண்டு தரத்துக்குப் பிறகும் படிப்பினை எடுக்காதவன் மனிதனில்லை. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை பத்தரையில் இருந்து பன்னிரண்டு வரைக்கும் நான் ஒரு மின்சார ஆளியையும் தட்டுகிறதில்லை. மற்றக் கிழமை நாட்களில் ராகு காலம் எங்கடை நேரத்தோடு முட்டாது. வெள்ளி மட்டும்தான், அதுவும் இரண்டாம் தரம் மட்டும்தான். கிழமையில் ஒருக்கா பத்து நிமிஷம். இதற்கு என்ன குடிமுழுகிப் போகும் என்று நினைத்தேன்.

கொப்பியில் அந்தக் கட்டத்தை வெறுமையாய் விட மனம் வரவில்லை. பூச்சியம் போட்டேன். இரண்டு தரத்துக் கூட்டுத்தொகையை வலது பக்கத்தில் எழுதினேன். அந்தக் கூட்டுத்தொகைதான் கொம்பியூற்றருக்குப் போனது.

இரண்டு வருஷம் போனது. ஒருநாள் கீழே ஆரவாரம். நிரோஜா ஓடித்திரிகிறாள். நிலையத்தின் தலைவர், பணிப்பாளர் சேர், சிரிக்கிறார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தரம், பல் நல்ல வரிசையாய் இருந்தது. என்னவென்றால், புரோத்தன்கள் ஏழு நாளுக்கு ஒருக்கா குறைகின்றனவாம். வரைபு போட்டுக் காட்டினாள். வாள் பல்லு மாதிரி, ஆறு நாள் உயரம், ஒரு நாள் பள்ளம். சூரியன் ஒரு சுற்றுச் சுற்ற ஏறத்தாழ இருபத்தேழு நாள் எடுக்கும், அதை நாலாய் மடித்தால் ஏழுக்குக் கிட்ட வரும், ஆகவே இது சூரியனுடைய வேலை, இதுவரை ஒருத்தரும் இந்தப் புரோத்தன்களில் இதைக் காணவில்லை என்று சேர் எல்லாருக்கும் விளங்கப்படுத்தினார். றோல்ஸும் பிளேன் ரீயும் வந்தது. நான் மூன்று றோல்ஸ் சாப்பிட்டேன்.

அவர்களுக்கு விளங்காமல் போனதற்குக் காரணம் சின்னது. விஞ்ஞானிகளுக்கு வெள்ளிக்கிழமை கிடையாது. நாள் ஒன்று, நாள் இரண்டு என்று இலக்கம் போட்டுக்கொண்டே போவார்கள். நான் கணக்கில் குறைவுதான். ஆனால் ஏழு என்றால் கிழமை என்று தெரியாத அளவுக்குக் குறைவில்லை. மூன்றாவது றோல்ஸ் பாதி தொண்டைக்குள் இருக்கும்போது எனக்கு விளங்கிவிட்டது.

சொல்லியிருக்க வேண்டியது அப்போதே. சொல்லவில்லை. எனக்குச் சேவை முடிய இன்னும் ஐந்து மாதம் இருந்தது. பிரியாவிடைக்கு மாலை வாங்கிக்கொண்டு போகிற வயதில் விசாரணைக் கடிதம் வாங்கிக்கொண்டு போக ஆருக்கு ஆசை? இன்னொன்றும் இருந்தது, எழுதத்தானே வேணும். அத்தனை பட்டதாரிகள் கொண்டாடுகிற கண்டுபிடிப்பைச் செய்தது ஒன்பதாம் வகுப்புக்காரன் நான் என்ற ஒரு கள்ளச் சந்தோஷம்.

இரண்டு கிழமை அப்படியே போனது. அதற்குள் விஷயம் பெருத்துவிட்டது. வெளிநாட்டில் ஒரு பேராசிரியர் நிரோஜாவைக் கலாநிதிப் படிப்புக்கு எடுக்க யோசித்துக்கொண்டிருந்தார். அவளுடைய ஆய்வுக் கட்டுரையைப் பார்த்துத்தான் முடிவு. கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம். கட்டுரையின் தலைப்பே அந்த ஏழு நாள் பள்ளம்தான். தகப்பன் சண்டிலிப்பாய்ச் சந்தையில் புகையிலை விற்கிறதை விட்டுவிட்டு மகளின் புதினம் சொல்லிக்கொண்டு திரிகிறார் என்று கேள்விப்பட்டேன். அந்தக் கட்டுரை போய், அங்கே இருக்கிறவர்களில் ஒருத்தன் ஒரு கலண்டரை எடுத்து வைத்துப் பார்த்தானென்றால், பிள்ளையின் கதை அதோடு சரி. கள்ளத் தரவு செய்தவள் என்று பெயர் வந்துவிடும். அந்தப் பெயர் கழுவுப்படாது.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு, நாளைக்குச் சொல்லுவம், நாளைக்குச் சொல்லுவம் என்று இருந்தேன்.

அந்த வெள்ளியும் வந்தது. கட்டுரை பத்தரைக்கே ஆயத்தம். சேர் பார்த்துச் சரி சொல்லிவிட்டார், அனுப்புகிற வேலை மட்டும் மிச்சம். பன்னிரண்டுக்குப் பிறகு அனுப்புவம் என்று சேர் சொன்னாராம். ஏன் பன்னிரண்டு என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்கிற நிலையில் இல்லை.

பதினொன்று இருபதுக்குக் கூரைப்படியில் செருப்புச் சத்தம். நிரோஜா.

"அண்ணை, இண்டைக்குக் குறையிற நாள். என்ரை கண்ணாலை ஒருக்காப் பாத்திட்டு அனுப்பப்போறன்."

வெள்ளிக்கிழமைகளில் அவள் கூரைக்கு வருகிறதே இல்லை. மோட்டர் சுடுகிறது, இன்றைக்கு விடுவம் என்றேன். அவள் மோட்டரில் கையை வைத்துப் பார்த்தாள்.

"பச்சைத்தண்ணி மாதிரிக் கிடக்கு."

வயர் ஒன்று விட்டிருக்கிறது என்றேன். எந்த வயர் என்று கேட்டாள். முப்பது வருஷம் வயரோடு சீவித்தவனுக்கு அந்த நேரம் ஒரு வயரின் நிறமும் ஞாபகம் வரவில்லை.

"அண்ணை, இன்னும் நாலு நிமிஷம்தான் கிடக்கு. போடுங்கோ."

தம்பிமார், தங்கச்சிமார், இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கோ. நான் போடாமல் விட்டிருந்தால் அன்றைக்கும் பூச்சியம். செய்மதி சத்தம் போடவில்லை என்று சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். கீழே போய் அனுப்பியிருப்பாள். போட்டால் முழுத்தொகையும் வந்து அவளின் கண்டுபிடிப்பு அவள் முன்னாலேயே செத்துப்போகும். வாயால் சொல்லுகிற துணிவு எனக்கு அப்போதும் வரவில்லை. அதை மறைக்கவில்லை. ஆனால் ஆளியைப் போடுகிற துணிவு வந்தது. வாழ்க்கை முழுக்க வாயால் வெட்டி விழுத்தினவனுக்குக் கடைசியில் உதவினது கைதான், அதுவும் இரண்டு தரம் முறிந்த கை.

போட்டேன். அன்ரெனா திரும்பியது. இரைச்சலுக்குள்ளே செய்மதி கீச்சிட்டது. பத்து நிமிஷத்தில் இலக்கம் திரையில் வந்தது. வியாழக்கிழமை வந்த அளவு. புதன்கிழமை வந்த அளவு. பள்ளமும் இல்லை, ஒன்றும் இல்லை.

அவள் இரண்டு தரம் பார்த்தாள். பிறகு மேசையில் கிடந்த என்ரை கொப்பியை எடுத்தாள். அதுவரை அவள் தன்ரை நாட்களின் வரியை எழுதிவிட்டு, மற்ற நாட்களின் கூட்டுத்தொகையை மட்டும் பார்த்தவள். இப்போது இடதுபக்கக் கட்டங்களை விரலால் பிடித்துக்கொண்டு பின்னுக்குப் போனாள். பூச்சியம். ஏழு வரி மேலே, பூச்சியம். இன்னும் ஏழு. பக்கத்தைப் புரட்டினாள். போனில் கலண்டரைத் திறந்து பக்கத்தில் வைத்தாள். நான் வெங்காயத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அங்கே ஒருத்தர் குழாய் பிடித்துத் தண்ணீர் இறைத்துக்கொண்டு நின்றார். அவருக்கு ஒரு பிரச்சினையும் இருக்கவில்லை.

"அண்ணை, இந்தப் பூச்சியம் எல்லாம் செய்மதி சொன்னதோ, நீங்கள் சொன்னதோ?"

"நான் சொன்னது, பிள்ளை."

"ஏன்?"

"ராகு காலம்."

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். அந்தச் சுடுகிற கூரையில் அப்படியே இருந்துவிட்டாள்.

"அப்ப ரெண்டு வருஷமாய் நான் ஆராய்ச்சி செய்தது உங்கடை பஞ்சாங்கத்தை."

நான் சிரிக்கவில்லை. அவள்தான் சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கொப்பியைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினாள். பின்னாலே நானும் போனேன். போகாமல் கூரையிலேயே நின்றிருக்கலாம் என்று கால் சொன்னது. காலுக்குச் சம்பளம் தருகிறது நான் என்று இழுத்துக்கொண்டு போனேன்.

பணிப்பாளர் சேர் கொம்பியூற்றருக்கு முன்னால், கட்டுரையைத் திறந்து வைத்தபடி. நிரோஜா விஷயத்தைச் சொன்னாள். அவர் என்னைப் பார்த்தார். ஓம் சேர், நான்தான் என்றேன். அவருடைய முகம் நிறம் மாறியது.

"படிக்காத மனிசன் எண்டு தெரிஞ்சும் உம்மை நம்பினன். இந்தக் காலத்திலை, செய்மதி பறக்கவிடுற இடத்திலை, ராகு காலமோ? உமக்கு வெக்கமாயில்லையோ?"

வெட்கமாய்த்தான் இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். ஆனால் நிரோஜா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சேர், கட்டுரை பத்தரைக்கே ஆயத்தம். நீங்கள் ஏன் இவ்வளவு நேரமும் அனுப்பாமல் வைச்சிருந்தனீங்கள்?"

சேர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பன்னிரண்டுக்கு இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது. ராகு வாழ்க என்று எனக்கு வாயில் வந்தது. விழுங்கினேன். நான் விழுங்கின முதல் வார்த்தை அது, கஷ்டமாய்த்தான் இருந்தது.

"சரி," என்றார் கடைசியில். "அனுப்பேல்லைத்தானே. பின்னேரத்துக்கிடையிலை என்ன செய்யலாம் எண்டு பாப்பம்."

அதற்குப் பிறகு வேலை. நான் இரண்டு வருஷத்து வெள்ளிக்கிழமைகளையும் ஒன்றொன்றாய்த் தேடி, பூச்சியத்தை வெட்டி, ‘பார்க்கவில்லை’ என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்து வைத்தேன். என்ரை கையெழுத்து வடிவானது, ஆனால் அத்தனை தரம் வைக்கிற அளவுக்கு வடிவில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் வெட்ட வெட்ட நிரோஜா கொம்பியூற்றரில் மாற்றிக்கொண்டு வந்தாள். சேர் எங்கள் இரண்டு பேருக்கும் தானே பிளேன் ரீ ஊற்றிக்கொண்டு வந்தார், சீனி போட மறந்துவிட்டார்.

மூன்று மணியளவில் வரைபு திரும்ப வந்தது. வாள் பல் எல்லாம் போய்விட்டது. இருந்தது ஒரே ஒரு கோடு, இடமிருந்து வலமாய் மெல்லச் சரிகிற கோடு. சூரியன் அந்த இரண்டு வருஷமும் ஆட்டம் போடத் தொடங்கியிருந்தது. வலைக்குள் கிடந்தவை மெல்ல மெல்லத் தேய்ந்துகொண்டிருந்தன. பெரிய விஞ்ஞானிகள் எல்லாரும் முந்தியே சொன்ன விஷயம்தான். புதினம் இல்லை. ஆனால் பாண் அளவான ஒரு பெட்டியாலும், கண்ணாடி துடைக்கிற மோட்டராலும், அவ்வளவு சுத்தமாய் அதை ஒருத்தரும் காட்டவில்லை என்று சேர் மெதுவாய்ச் சொன்னார். மோட்டரை அவர் புகழ்ந்தது அதுதான் முதலும் கடைசியும். நான் குறித்து வைத்திருக்கிறேன்.

ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. வெள்ளிகளில் பாதித் தரவு ஏன் இல்லை என்று ஒரு வரி எழுத வேணும். பராமரிப்பு வேலை என்று போடுவம் என்றார் சேர். நல்ல சொல், எந்த ஓட்டையையும் மூடும். நிரோஜா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணை, உள்ளதை எழுதட்டோ? உங்கடை பேரும் வரும்."

நான் யோசித்தேன். யோசித்தேன் என்று சொல்லுகிறது மரியாதைக்கு, பயந்தேன். அந்தப் பிள்ளை தன் பெரிய கண்டுபிடிப்பை அரைநாளில் குப்பையில் போட்டுவிட்டு வந்து, என்னிடம் ஒரு வரிக்குச் சம்மதம் கேட்டுக்கொண்டு நிற்கிறாள். எழுது, ஆனால் எழுத்துப்பிழை இல்லாமல் எழுது என்றேன்.

எழுதினாள். நாலரைக்கு அனுப்பினாள். வெள்ளி நாலரைக்கு ஒரு கெட்ட காலமும் இல்லை, நான் பார்த்துவிட்டேன்.

அடுத்த நாலு வெள்ளியும் பதினொன்றரைக்கு ஆளியைப் போட்டேன். குளவி வரவில்லை. ஐந்தாவது கிழமை பதில் வந்தது. இடம் இருக்கிறது, வாருங்கோ என்று எழுதியிருந்தார் அந்த வெளிநாட்டுப் பேராசிரியர். கடைசியில் ஒரு கேள்வியும் கேட்டிருந்தார்: அன்ரெனாவை இயக்குகிற அந்த மனிதர் இப்போது வெள்ளிக்கிழமைகளில் வேலை செய்கிறாரா? நிரோஜா சிரித்துச் சிரித்து எனக்கு வாசித்துக் காட்டினாள். என்ன பதில் போட்டாள் என்று நான் கேட்கவில்லை.

இப்போது அவள் அங்கே பெரிய பெட்டிகளை வைத்துப் புரோத்தன் எண்ணுகிறாள். விசாரணைக் கடிதம் வரவில்லை, மாலை வந்தது.

உங்களுக்குச் சொல்ல எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் இருக்கிறது. அளந்து பார்த்து இல்லாதது பூச்சியம். அளக்காதது வெறுங்கட்டம். வெறுங்கட்டத்தைப் பார்த்து ஆரும் கத்தினால் கத்தட்டும். ராகு காலம் பார்க்கிறதும் விடுகிறதும் உங்கடை இஷ்டம். பார்த்தால் பார்த்தேன் என்று எழுதுங்கோ.

அந்தக் கட்டுரை அச்சில் வந்து, உலகம் முழுக்கக் கிடைக்கிறது. அதில் நன்றி சொல்லுகிற பக்கத்தில் பெரிய பெரிய ஆட்களின் பெயர்கள் இருக்கின்றன, நான் இல்லை. என்ரை பெயர் பிழைகளை விளக்குகிற பக்கத்தில், தனி வரியில், முழுசாய் இருக்கிறது. நான் எத்தனையோ பேராசிரியர்மாரோடு வேலை செய்திருக்கிறேன். அந்தப் பக்கத்தில் பெயர் போட அவர்களில் ஒருத்தருக்கும் இன்னும் துணிவு வரவில்லை.